எந்த ஜவ்வு?

பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆசிரியைகளுக்கான த்ரோபால் பயிற்சி ஆட்டத்தில் என் இடது முட்டி போனது. ஜனவரிக் கடைசி, ஒரு சனிக்கிழமை. யாரும் மோதவில்லை, தரையில் ஈரம்கூட இல்லை. தலைக்கு மேலே வந்த பந்தை எம்பிப் பிடித்தேன், இடது காலில் இறங்கினேன், எதிர்ப்பக்கம் வலது மூலை காலியாக இருந்ததைப் பார்த்து அங்கே எறியத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள்ளே ‘டொப்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற ஹிந்தி டீச்சருக்கும் அது கேட்டிருக்கிறது. என் ஷூவின் அடி பிய்ந்துவிட்டது என்று நினைத்தாராம்.

ஐந்து நிமிடம் உயிர் போகிற வலி. அப்புறம் எழுந்து நடந்தேன். நடக்க முடிந்ததே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பி.டி. சார் ஓடிவந்து ஸ்ப்ரே அடித்துவிட்டு, “ஜவ்வு லேசா இழுத்துக்கிச்சு டீச்சர். எனக்கும் காலேஜ்ல கபடி ஆடும்போது இப்படித்தான் ஆச்சு. ஆறு வாரம் கட்டுப் போட்டேன், சரியாயிடுச்சு” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருக்குப் போன ஜவ்வு வேறு, எனக்குப் போன ஜவ்வு வேறு. இந்த ஒரு விஷயம் புரிவதற்கு எனக்குப் பதினோரு வாரம் ஆனது.

குரோம்பேட்டையில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முட்டி தேங்காய்போல உருண்டுவிட்டது. சுடிதார் பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்ட முடியவில்லை. ஓரிரண்டு மணி நேரத்துக்குள் இப்படி வீங்கினால் மூட்டுக்குள்ளே ரத்தம் கசிகிறது என்று பெரும்பாலும் அர்த்தமாம். மறுநாள் காலையில் மெதுவாக எட்டிப்பார்க்கிற வீக்கம் வேறு ரகம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐஸ் வைக்க வேண்டும் என்பதுதான். வைத்தேன்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பெல்லாம் நல்லா இருக்கு, ஜவ்வுதான்” என்று மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வு முழுசாக இருந்தாலும் அறுந்திருந்தாலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற வார்த்தையை அன்று நான் பாஸ் மார்க் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் வீக்கம் பாதி வடிந்தது. அத்தைக்குத் திருப்தியில்லை. அவருடைய தம்பிக்குக் கை உடைந்தபோது புத்தூர் கட்டில்தான் சரியானதாம். போய் உட்கார்ந்தேன். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை. மூன்று கட்டு. கட்டியவர் அன்பான மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுந்த ஜவ்வு வெளியே போடுகிற கட்டால் ஒட்டிக்கொள்வதில்லை. மூன்று வாரம் மடக்காமல் வைத்ததில் முட்டி இறுகிப்போனதும், தொடை சூம்பியதும்தான் மிச்சம்.

இதற்குப் பிறகு வந்ததுதான் என்னை உண்மையில் ஏமாற்றியது. மார்ச்சில் வலி போய்விட்டது. மாத்திரை இல்லை, வீக்கம் இல்லை, ஸ்கூட்டி ஓட்டுகிறேன், சமைக்கிறேன். சரியாகிவிட்டது என்றே எல்லோரிடமும் சொன்னேன். பிறகு ஒருநாள் பல்லாவரம் சிக்னலில் வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினேன், முட்டி மடிந்தது. வலியே இல்லை. கால் அங்கே இல்லாத மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வண்டியோடு சாய்ந்தேன், பின்னால் ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்பும்போது இன்னொரு முறை. மூன்றாவது முறை குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில். அன்று முட்டி மறுபடி வீங்கியது, உள்பக்கம் ஏதோ கடிக்கிற மாதிரி புதிதாக ஒரு வலியும் வந்தது.

அப்போதுதான் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன், அதுவும் முட்டி மட்டுமே பார்க்கிறவர். அவர் முதலில் காலைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். சத்தம் கேட்டதா? எவ்வளவு நேரத்தில் வீங்கியது? அடிபட்ட அன்று நாலு அடி நடக்க முடிந்ததா? முட்டி எங்காவது பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றதா? பாதம் மரத்துப்போனதா, சில்லிட்டதா? கடைசி மூன்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். பிறகு, “கால் மடியும்போது எப்படி இருக்கு, காட்டுங்க” என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேல் முஷ்டியை வழுக்கவிட்டேன். அவர் தலையாட்டினார். இந்தக் கேஸ்காரர்கள் நிறையப் பேர் இதையே செய்து காட்டுவார்களாம்.

பரிசோதனை அரை நிமிடம்தான். படுக்க வைத்து, முதலில் நல்ல காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். கயிறு கட்டின வாளி மாதிரி ‘டக்’ என்று நின்றது. இடது காலில் அதையே செய்தார். அது நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. லாக்மேன் பரிசோதனை என்று பெயர். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. அதை எழுத்தில் கொடுத்தது: ஏ.சி.எல். முழுதாக அறுந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸில் கிழிசல்.

ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, “இதுவும் ஜவ்வு, அதுவும் ஜவ்வா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு பேப்பரில் படம் போட்டார். நாம் பொத்தாம்பொதுவாக ஜவ்வு என்று சொல்கிற இடத்தில் நாலு கயிறும் இரண்டு மெத்தையும் இருக்கின்றன. மூட்டின் நடுவே பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போகிற இரண்டு கயிறு: முன்னால் ஏ.சி.எல்., பின்னால் பி.சி.எல். உள்பக்கத்துக்கு எம்.சி.எல்., வெளிப்பக்கத்துக்கு எல்.சி.எல். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தை, அதுதான் மெனிஸ்கஸ். உள்பக்க எம்.சி.எல். பெரும்பாலும் பிரேஸ் போட்டால் தானாகவே ஆறிவிடும். பி.டி. சாருக்குப் போனது அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏ.சி.எல். மூட்டுத் திரவத்துக்குள்ளே இருக்கிறது. முழுதாக அறுந்தால் இரண்டு முனையும் விலகிப்போய்விடும், பழையபடி சேர்வது அரிது. அது இல்லாமல் நான் ஓட்டிய ஒவ்வொரு நாளும், மடிந்த ஒவ்வொரு முறையும் மெத்தைக்கு ஆபத்து. ஸ்டேஷன் படிக்கட்டில் வந்த அந்தப் புது வலி மெனிஸ்கஸாகத்தான் இருக்கும் என்றார்.

உடனே அறுவை என்று அவர் சொல்லவில்லை. ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லையாம். 2010-இல் ஸ்வீடனில் செய்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். கணக்கு டீச்சராச்சே, வீட்டுக்கு வந்து எண்களைப் பார்த்தேன். 121 பேர். ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறுபிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் அப்புறம் அறுவை. இரண்டு வருடம் கழித்து இரண்டு பிரிவும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தன. பயிற்சிப் பிரிவில் இருந்த 59 பேரில் 23 பேர்தான் அறுவைக்குப் போயிருந்தார்கள். நானும் அந்த 36-இல் ஒருத்தியாக இருந்துவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் எனக்கு விளையாடும்போது மட்டுமல்ல, சிக்னலில் நின்றாலே மடிகிறது. மெனிஸ்கஸும் தைக்கிற நிலையில் இருக்கிறது, விட்டால் வெட்டி எடுக்கிற நிலைக்குப் போய்விடலாம். மே மாதம் லீவு வேறு. சரி என்றேன்.

அதற்கு முன்னால் நாலு வாரம் பயிற்சி. வீங்கி இறுகின முட்டியில் அறுவை செய்தால் பிறகு மடங்காமலே போகலாம் என்பதால், முதலில் முழுதாக நீட்டவும் மடக்கவும் வர வேண்டும் என்பது அவர் கண்டிப்பு.

இன்சூரன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கிளினிக் சீட்டில், நான் சொல்லாமலே ‘படியில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருந்தது. நான் வாசித்துப் பார்க்கவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் விளையாட்டுக் காயம். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று கேஷ்லெஸ் இரண்டு நாள் நின்றது. கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துத்தான் நகர்ந்தது.

அறுவை முதுகில் ஊசி போட்டுத்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ஆனால் முழித்திருந்தேன். பார்க்கிறீர்களா என்று திரையைத் திருப்பினார்கள். இளநீர் வழுக்கை மாதிரி வழவழவென்று வெள்ளையாக இருந்ததெல்லாம் குருத்தெலும்பு. நடுவில் பழைய மாப்பின் நுனி மாதிரி நூல் நூலாக ஆடிக்கொண்டிருந்தது என் ஏ.சி.எல். அதே காலின் தொடைக்குப் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து, நாலாக மடித்து, எலும்பில் துளை போட்டு அதன் வழியாக இழுத்து, மேலே ஒரு பட்டன், கீழே ஒரு ஸ்க்ரூ. துளை போடும் சத்தம் அப்படியே எங்கள் தெருவில் போர் போடுகிற சத்தம். தண்ணி வந்துடுச்சா என்று கேட்டேன். மயக்க மருந்து டாக்டர் மட்டும் சிரித்தார்.

ஆனால் அறுவை சுலபம். கஷ்டம் மறுநாள் ஆரம்பித்தது.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். மூன்றாம் நாளே ‘மேம்’ போய் ‘அக்கா’ வந்துவிட்டது. முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, “இதை நசுக்குங்க” என்றாள். நசுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன், கழுத்து இறுகியது, வலது கால் இறுகியது, இடது தொடை மட்டும் மாவுருண்டை மாதிரி அப்படியே கிடந்தது. வலியே கிடையாது. கட்டளை போகிறது, ஆள் இல்லை. மூட்டு வீங்கினால் தொடைத் தசைக்கான கனெக்‌ஷனை உடம்பே குறைத்துவிடுமாம். நாலாம் நாள் காலையில் முட்டிச் சில்லுக்கு மேலே, மீன் துள்ளுகிற மாதிரி ஒரு சின்னத் துடிப்பு. நான் அழுதது அறுவைக்கல்ல, அதற்குத்தான்.

வீட்டில் இன்னொரு கூத்து. நான் தூங்கினதும் அத்தை பாசத்தோடு முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துவிடுவார். எவ்வளவு இதமாக இருக்கும் தெரியுமா! வீட்டுக்கு வந்த பிசியோ பெண் அதைப் பார்த்ததும் முகம் மாறினாள். மடிந்தபடியே கிடந்தால் முட்டி முழுதாக நீளாமல் இறுகிவிடும், பிறகு ஆயுசுக்கும் தாங்கித் தாங்கி நடக்க வேண்டியதுதான். தலையணையை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். முட்டி அந்தரத்தில் தொங்கியது. பத்து நிமிடம் பத்து மணி நேரமாகப் போனது. அத்தை அடுக்களைக்குப் போய்விட்டார், பார்க்க முடியவில்லையாம்.

மெனிஸ்கஸில் தையல் இருந்ததால் ஆறு வாரம் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, முழு எடையும் போடக் கூடாது. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். இதை மனப்பாடம் பண்ண நானே பிள்ளைகளைப் போல முணுமுணுத்துக்கொண்டு ஏறினேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, அரிவாள்மணை, கோலம் எல்லாம் மாதக்கணக்கில் நின்றன. கோலத்தை என் கணவர் போட்டார். அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம்.

பிசியோ சென்டரில் உணவு டெலிவரி செய்கிற தம்பி ஒருவன் வருவான். பைக்கிலிருந்து மடக்கின முட்டியோடு விழுந்து பி.சி.எல். போயிருந்தது. சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.-இல் பார்த்துவிட்டு, அவனுக்கு அறுவை வேண்டாம், பிரேஸும் பயிற்சியும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். “உங்களுக்கு மட்டும் ஏன்க்கா வெட்டுனாங்க? ரெண்டு பேருக்கும் ஜவ்வுதானே?” என்று கேட்டான். நான் சாக்பீஸ் எடுத்துத் தரையில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். டீச்சர் புத்தி.

மூன்றாம் மாதம் மறுபடி ஒரு ஏமாற்று. நன்றாக நடக்கிறேன், வலியில்லை, ஓடலாம்போல இருக்கிறது. ஆனால் உள்ளே வைத்த தசைநார் ஜவ்வாக மாறுகிற வேலை அப்போது நடந்துகொண்டிருக்கும். முதல் சில மாதம் அது பலவீனமாகத்தான் இருக்குமாம். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மறுபடி அறுவதற்கான வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த முறை நான் முட்டி சொன்னதைக் கேட்கவில்லை. இந்த வருட விளையாட்டு விழாவில் ஸ்கோர் மட்டும் எழுதினேன். பி.டி. சார் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார்.

பிப்ரவரியில் ஒன்பது மாதம் முடிந்தது. போன வாரம் ஒற்றைக்கால் தாண்டல் சோதனை. ஒரே காலில் குதித்து, அதே காலில் தடுமாறாமல் நிற்க வேண்டும். கோட்டை நானே கிழித்தேன். வலது காலில் 110 சென்டிமீட்டர். இடது காலில் மூன்று முறை குதித்ததில் நல்லது 94. பிசியோ பெண் மொபைலில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள், “வலது காலில் எண்பத்தஞ்சு சதவீதம்” என்றேன்.

“தொண்ணூறாச்சும் வேணும் அக்கா. இன்னும் ஆறு வாரம்.”

94-க்கு நேராக ஒரு கோடு கிழித்தேன். 99-க்கு நேராக இன்னொன்று. தரையைத் துடைக்க வருகிற அம்மாவிடம் அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.