முந்நூறு பேரில் இருவர்

மே 20

கம்பர்லாந்து தீவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 பேருக்குத்தான் அனுமதி. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தும், செயின்ட் மேரிஸ் படகுத்துறையில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) பட்டியலில் எங்கள் பெயரைத் தேடிய அந்த அரை நிமிடம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெயர் இருந்தது. நானும் அண்ணன் மகனும் ஏறிக்கொண்டோம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடி இது. சற்றுத் தெற்கே போனால் ஃப்ளோரிடா. முக்கால் மணி நேரப் பயணம் முழுக்க உவர்ச்சதுப்பு. ஓதம் வற்றும் நேரம். இங்கே நீர் சுமார் ஆறடி ஏறி இறங்குவதால், சேற்றில் சிப்பிப் படுகைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

"தீவு எப்போது வரும், அத்தை?"

"வந்துவிட்டது. இந்தச் சேறும் தீவுதான்."

அவன் நம்பவில்லை. அரசு பாதுகாக்கும் தேசியக் கடற்கரையாக வரையறுக்கப்பட்ட 36,000 ஏக்கர் சொச்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பு சேறும் சதுப்பும் ஓடைகளும்தான். புயல் வரும்போது அலையின் முதல் அடியைக் கடல் பக்கத்து மணல்மேடு வாங்கிக்கொள்கிறது. தீவின் முதுகுப்புறம் இந்தச் சதுப்பு பத்திரமாக வளர்கிறது.

தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றி ஸீ கேம்ப் முகாமுக்கு இழுத்து வந்தோம். தலைக்கு மேல் லைவ் ஓக் மரங்கள் கிளைகளை முறுக்கிக்கொண்டு படர்ந்திருக்கின்றன. அவற்றிலிருந்து நரைத்த தாடி போலத் தொங்குவதன் பெயர் ஸ்பானிஷ் பாசி. பாசியும் அல்ல, ஸ்பெயினைச் சேர்ந்ததும் அல்ல. அன்னாசிக்கு உறவுக்காரச் செடி.

ரக்கூன் என்ற சிறு விலங்குகளிடமிருந்து உணவைக் காக்க முகாமில் கம்பிக்கூண்டு வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம்தானே என்று வேர்க்கடலைப் பையை மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேசைதான் இருந்தது.

மே 21

விடியும் முன்பே கடற்கரைக்குப் போனோம். டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்தது போல மணலில் ஒரு தடம். மணல்மேட்டின் அடிவாரம் வரை வந்து, அங்கே மண்ணைக் கலைத்து வாரிப்போட்டுவிட்டு, வேறு வழியாகக் கடலுக்குத் திரும்பியிருந்தது. பெருந்தலைக் கடலாமை. துடுப்புகளை இடம் வலமாக மாற்றி மாற்றி ஊன்றுவதால் பள்ளங்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இல்லாமல் முன்பின்னாக விழுகின்றன. பையன் நான்கு காலில் தவழ்ந்து அதைச் செய்து பார்த்தான்.

சற்று நேரத்தில் ஆமைக் கணக்கெடுப்புப் பணியாளர்கள் இருவர் சிறு வண்டியில் வந்தார்கள். தள்ளி நின்று பார்க்கலாம் என்றார்கள். ஒருவர் மண்டியிட்டு விரல்களால் மட்டும் மணலை விலக்கிக்கொண்டே போனார். முழங்கை அளவு ஆழம் இறங்கியதும் முதல் முட்டை தெரிந்தது, பிங்பாங் பந்தேதான். அதை ஒரு சிறு குழாயில் போட்டு மூடிவிட்டு, குழியையும் மூடினார். மேலே கம்பிவலை விரித்து முளை அடித்தார்.

"ஒன்றை எடுத்துவிட்டார்களே!" பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஒரு முட்டையின் ஓட்டிலிருந்து தாயின் மரபணு கிடைக்கிறது. இதே ஆமை இந்தப் பருவத்தில் எந்தெந்தக் கரையில் முட்டையிட்டது என்பதை அதைக் கொண்டே தொடர்ந்து போகிறார்கள். மீதி நூறுக்கும் மேல் உள்ளே இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரியும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கும். வலை, ரக்கூனையும் காட்டுப்பன்றியையும் தடுக்க. (எங்கள் வேர்க்கடலை போன கதையைச் சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை, தினமும் கேட்கிறார்கள் போலும்.)

குஞ்சுகள் வெளிச்சம் கூடிய அடிவானத்தை நோக்கி ஓடும். இருட்டில் அது கடல். விளக்குகள் எரியும் ஊரில் அது சாலை. இங்கே இருட்டு தப்பியதும் தற்செயல் அல்ல. 1968இல், ஹில்டன் ஹெட் தீவை உல்லாசக் குடியிருப்பாக மாற்றிய சார்ல்ஸ் ஃப்ரேசர் இந்தத் தீவிலும் சுமார் 3,000 ஏக்கரை வாங்கினார். எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் மெல்லன் அறக்கட்டளை பணம் கொடுக்க, அந்த நிலம் தேசியப் பூங்காக்களுக்கான அமைப்பின் கைக்குப் போனது. 1972 அக்டோபரில் தீவு தேசியக் கடற்கரையானது. எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள், தீவில் நிலம் வைத்திருந்த கார்னகி என்ற எஃகுத் தொழிலதிபர் குடும்பத்து வாரிசுகள். தங்கள் சொத்தைக் காத்துக்கொள்ள நினைத்த கோடீஸ்வரக் குடும்பத்துக்கு ஆமைகள் கடன்பட்டிருக்கின்றன. எனக்கு இது அவ்வளவு உவப்பாக இல்லை, ஆனாலும் உண்மை.

மே 22

டங்னெஸ் மாளிகை. ஆண்ட்ரூ கார்னகியின் தம்பி தாமஸ் 1884இல் கட்டத் தொடங்கியது, 1959இல் எரிந்தது. மொட்டைச் சுவர்களும் புகைபோக்கிகளும் மிச்சம். எனக்கு அதைவிட, பக்கத்தில் இருக்கும் சிறிய டாபி வீடுதான் பிடித்தது. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு, மணல், தண்ணீர், சிப்பி ஓடு ஆகியவற்றைக் குழைத்து வார்த்த சுவர். உற்றுப் பார்த்தால் ஓடுகள் துருத்திக்கொண்டு தெரிகின்றன. இப்பகுதிக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் பழங்குடிகள் உண்டு குவித்த சிப்பி மேடுகளிலிருந்துதான் ஓடு எடுத்தார்கள்.

இடிபாட்டின் முன் புல்வெளியில் குதிரைகள். பார்த்ததும் எல்லோர் கையிலும் கைபேசி, என் கையிலும்தான்.

"அத்தை, இவற்றுக்கு யார் தீனி போடுவார்கள்?"

யாரும் இல்லை. மருத்துவமும் கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் சதுப்புப் புல்லையும் மணல்மேட்டுப் புல்லையும் தின்று காலம் தள்ளுகின்றன. ஸ்பானியர் விட்டுப்போனவை என்று கதை சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் பிற்காலத்து வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள். ஒன்றின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது.

மாலையில் மணல்மேட்டருகே நின்றபோதுதான் புரிந்தது. அங்கே கடல் ஓட்ஸ் என்ற புல் நிற்கிறது. நம் ஊர்க் கரையில் இராவணன் மீசை செய்யும் அதே வேலை: பறக்கும் மணலைப் பிடித்து, புதையப் புதைய மேலே வளர்ந்து, மேட்டைக் கட்டுகிறது. அதில் ஒரு கதிரை நாம் பறிக்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. குதிரை வேரடிவரை மேய்ந்துவிட்டுப் போகிறது. குதிரைகளை மெல்ல மெல்ல அகற்றிவிடுவதுதான் அவற்றுக்கும் தீவுக்கும் நல்லது என்று நினைக்கிறேன். இதைப் பையனிடம் சொன்னதற்கு இரவுச் சாப்பாடு வரை என்னுடன் பேசவில்லை.

மே 23

வேனில் வடமுனைக்குப் போய்வந்தோம். முதுகு கழன்றுவிட்டது. வழியில் அடிமைகளின் குடிசைகள் இருந்த இடத்தில் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வடக்கே, விடுதலை பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் 1893இல் நிறுவிய ஒற்றை அறைத் தேவாலயம். 1982இல் வடபகுதியை, வண்டிகள் ஓடக் கூடாத வனாந்தரமாக அறிவித்தபோது இந்தச் சாலையும் அதற்குள் அடங்கியது. 2004இல் இன்னொரு சட்டம் அதை வெளியே எடுத்தது. அதனால்தான் எங்கள் வேன் ஓடியது. காட்டின் பக்கம் பேசுவதா, அந்தப் பதினோரு பெஞ்சுத் தேவாலயத்தின் பக்கம் பேசுவதா என்று எனக்கு முடிவாகவில்லை.

இரவு மழை. கூடாரம் ஒழுகியது.

மே 24

தினசரி வரம்பை 700 ஆக உயர்த்தலாம் என்று 2022இல் பூங்கா நிர்வாகம் ஒரு வரைவுத் திட்டம் முன்வைத்தது. படகுத்துறையில் காத்திருந்த ஒரு பெரியவர் அதைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். பஸ்ஸில் தொற்றி ஏறியவன் உடனே "ரைட், போகலாம்" என்று கத்துவது நினைவுக்கு வர, தலையாட்டலைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

தீவில் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுவந்ததை எல்லாம் கொண்டுபோக வேண்டும். கூடாரத்தை மடிக்கும்போது பால்மெட்டோ என்ற குட்டைப்பனைப் புதருக்குள்ளிருந்து பையன் எதையோ இழுத்தான். கிழிந்த வேர்க்கடலைப் பை. உள்ளே மழைநீரும் எறும்பும்.

படகில் எங்கள் குப்பைமூட்டை கொஞ்சம் நாற்றம் அடித்தது. இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள்.