அப்பாவின் ப்ரோமைடு பெட்டிகள்

தை மாதத்தில், விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடந்தாலும், 11 மணிக்கு மேல் ஊட்டியில் வறண்ட, நல்ல வெயில் விழும். அந்த வாரங்களில் ஒரு நாளை நான் ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன். பீரோவின் மேல்தட்டிலிருந்து 14 அட்டைப் பெட்டிகளை இறக்கி, கூடத்தில் வெயில் நேரே படாத பக்கமாகப் பாய் விரித்து, ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பவற்றை மூன்று நான்கு மணி நேரம் காற்றாட வைக்கிறேன். விளையாட்டு வீரர்கள் கையெழுத்திட்ட படங்கள், கடிதங்கள், நுழைவுச்சீட்டுகள், சில பந்துகள் ஆகியவையே அந்தப் பெட்டிகளில் இருப்பவை; ஒரு ஹாக்கி மட்டை மட்டும் தனியே இருக்கும். பாதி அப்பா சேர்த்தவை, மீதி நான் சேர்த்தவை.

அப்பா இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தப் பொதுத்துறை ஆலை, ‘இந்து’ (Indu) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், ப்ரோமைடு எனப்படும் படத்தாளும் தயாரித்தது. அதையொட்டி அமைந்த பகுதியை இன்றும் இந்து நகர் என்றே அழைக்கிறோம். எங்கள் வீட்டுக் குளியலறையின் ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டினால் அது இருட்டறையாகிவிடும். பத்திரிகையில் வந்த ஒரு விளையாட்டு வீரரின் படத்தைக் கேமராவில் நகலெடுத்து, சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில், டெவலப்பர் தட்டில் அந்த முகம் மெல்ல எழுந்து வரும்வரை அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஹைப்போவின் வாடை இரண்டு நாள்களுக்குத் துண்டுகளில் தங்கியிருக்கும், அம்மா அதற்காக ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அப்பா எப்போதும் ஒரே படத்தை இரண்டு பிரதிகள் போடுவார். “ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்புங்கள், மற்றொன்று உங்களுக்கு எங்கள் ஊர்த் தாளில் அச்சிட்ட அன்பளிப்பு” என்று கடிதத்தில் எழுதுவார். சுயமுகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கும். வெளிநாடு என்றால் அங்கே நம் அஞ்சல்தலை செல்லாது என்பதால், அஞ்சலகத்தில் பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் வாங்கி வைப்பார். அதைப் பெறுகிறவர் தம் நாட்டு அஞ்சலகத்தில் கொடுத்துப் பதில் அனுப்புவதற்கான அஞ்சல்தலையைப் பெற்றுக்கொள்ளலாம். பலர் பதில் அனுப்பியதற்கு அந்த இரண்டாவது பிரதிதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் கேட்பவர் கையில் கொடுப்பதற்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அப்பாவின் இயல்பாகவே இருந்தது.

அப்படி வந்தவற்றில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மனின் கையெழுத்தும் ஒன்று. இந்தியாவில் ஒரு போட்டியிலும் ஆடாத அவர், 1947-48-இல் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணிக்கு எதிராக ஐந்து டெஸ்டுகளில் 715 ரன்கள் எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் பல்லாண்டுகள் உலகெங்கிலுமிருந்து வந்த கடிதங்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதியவர் என்று பெயர் பெற்றவர். எங்கள் வீட்டு உறை ஏழு வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தது. இந்தக் காலத்து வீரர்கள் பலர் அவசரத்தில் இழுத்துவிடும் கோட்டைப் போல் இல்லாமல், ஒவ்வோர் எழுத்தையும் படிக்கும்படி நீல மையில் எழுதிய பெயர் அது. 2001 பிப்ரவரியில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று அப்பா அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, காப்பியைக்கூட மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்தை வாங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், வாங்கியதைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த மலையில் அதுதான் பெரிய வேலை. ஆனியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். சுவரில் ஓதம் ஏறும். தோல் செருப்பை நான்கு நாள் போடாமல் விட்டால் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். தாளுக்கும் அதே கதிதான். இதை நான் தெரிந்துகொண்டது ஓர் இழப்பின் மூலமாக என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று இந்தியா எட்டாவது ஹாக்கித் தங்கத்தைப் பெற்றபோது, அணித் தலைவராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அவர் கையெழுத்திட்ட படத்தை அப்பா எல்லாவற்றுக்கும் மேலாக மதித்தார். அப்பாவின் பிறந்தநாளுக்கு வியப்பளிக்க எண்ணி, நான் என் முதல் ஆண்டுச் சம்பளத்தில் அதை ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். கடைக்காரர் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் மவுண்ட் அட்டை வைக்காமல் இரண்டையும் ஒட்டினாற்போல் அழுத்தி மூடியிருந்தார். நானும் அதைக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை. மாட்டிய சுவரோ மழைச் சாரல் நேரே அடிக்கும் மேற்குச் சுவர்.

ப்ரோமைடு படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டால் அது ஊறி, பசைபோல் இளகி, காயும்போது தொட்டுக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றிக்கொள்ளும். இரண்டு மழைக்காலங்கள் கழித்து, படத்தின் ஓரத்தில் எண்ணெய் பட்டாற்போல் ஒரு கறை தெரிந்ததால் சட்டத்தைக் கழற்றினேன். படம் கண்ணாடியை விட்டு வரவில்லை. மெல்ல இழுத்தபோது, மெல்லிய தோல் உரிவது போன்ற ஓசையோடு வந்தது; வந்த படத்தில் கையெழுத்தின் முற்பாதி இருந்தது, பிற்பாதி கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்தது. அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “கண்ணாடியைத் துடைச்சிடாதேம்மா, அதையும் சேர்த்து வைப்போம்” என்று மட்டும் சொன்னார். ஐந்தாம் எண் பெட்டியில், கந்தல் துணி சுற்றிய அந்தக் கண்ணாடியும் கிழிந்த படமும் இன்றும் ஒன்றாக இருக்கின்றன. இழுக்காமல் விட்டு, படங்களைச் சீர்செய்யத் தெரிந்த ஒருவரிடம் கண்ணாடியோடு கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். உங்கள் வீட்டில் அப்படி ஒட்டிய படம் இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அதன்பின் எங்கள் வீட்டில் எந்தக் கையெழுத்தும் சுவரில் ஏறவில்லை. நகலெடுத்த பிரதியைத்தான் மாட்டுகிறோம், மூலம் பெட்டிக்குள் இருக்கும். படத்தாள் விற்பனைக்குப் போகும் பெட்டிகள் ஒளி புகாதபடி உள்ளே கறுப்புத் தாளோடு வரும். அவற்றில் காலியானவற்றைத்தான் அப்பா சேர்த்து வைத்திருந்தார். மையை வெளுக்கச் செய்வதில் வெயிலுக்கும் குழல்விளக்குக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், வெளிச்சத்தைத் தடுப்பதற்கென்றே செய்த பெட்டியைவிடப் பொருத்தமானது எது? ஆயினும் அட்டையின் அமிலம் தாளை மஞ்சளாக்காமல் இருக்க, நான் இப்போது ஒவ்வொரு படத்தையும் பாலியெஸ்டர் உறையில் போட்டு அதற்குள் வைக்கிறேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், புது ரெக்சின் வாடை வீசும் பிவிசி உறைகளில் போடக் கூடாது. நாளடைவில் அவை பிசுபிசுத்து மையைத் தம்மோடு இழுத்துக்கொள்ளும். லேமினேஷன் செய்வது அதைவிடக் கொடுமை, ஏனெனில் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மீண்டும் பிரித்தெடுக்க வழியில்லை.

ஈரத்துக்கு இந்த ஊரில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. துணிப் பீரோவின் அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால், அதன் இளஞ்சூட்டில் துணிகள் மழைக்காலம் முழுவதும் மக்கல் வாடை இல்லாமல் இருக்கும். அப்பா அந்தப் பல்பின்மேல் துளையிட்ட தகரத்தைக் கவிழ்த்து, சூடு மட்டும் மேலே போகும்படி செய்திருந்தார். எல்இடி பல்பு வெளிச்சம் தருகிறதே தவிர அந்தச் சூட்டைத் தருவதில்லை. குண்டு பல்பு கிடைப்பதும் அரிதாகிவிட்டது. எனவே இப்போது பெட்டிக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைக்கிறேன். நீல மணிகள் ஈரத்தைக் குடித்து இளஞ்சிவப்பாக மாறியதும், அவற்றைத் தனியாக வைத்திருக்கும் ஓர் இரும்புச் சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகிவிடும். ஆடி, ஆவணியில் பத்து நாளுக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கும். பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டதிலேயே பாதித் தொல்லை குறைந்தது. ராமபாணப் பூச்சிகளும் ஈரம் குறைந்தால் தாமாகவே குறைகின்றன.

பந்துகளும் மட்டைகளும் வேறு குணம் உடையவை. சிவப்புக் கிரிக்கெட் பந்தின் மெருகில் மை நிற்பதில்லை, விரலால் தேய்த்தாலே போய்விடும். கையெழுத்து வாங்குவதற்கு வெள்ளைப் பந்தே நல்லது. மட்டையில் கையெழுத்து வாங்கிய பிறகு, அது எவ்வளவு உலர்ந்து தெரிந்தாலும், ஆளி விதை எண்ணெய் தடவக் கூடாது, மை விரிந்து கரைந்துவிடும்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983 உலகக் கோப்பையை வென்ற அணியினர் கையெழுத்திட்டது என்று சொல்லி இணையத்தில் ஒருவர் விற்ற சிறிய மட்டையை நான் ஒருமுறை வாங்கினேன். லார்ட்ஸில் 183 ரன்களை மட்டுமே எடுத்து மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டிய அந்த இறுதி ஆட்டத்தில், நம் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்களே இரு அணிகளிலும் தனி ஒருவரின் அதிகபட்சம் என்பதால், அவர் பெயர் அதில் இருந்ததே என்னை வாங்க வைத்தது. வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, எல்லாக் கையெழுத்துகளும் நுண்புள்ளிகளால் ஆன அச்சு என்று தெரிந்தது. அச்சிட்ட நினைவுப்பொருளை அப்படியே சொல்லி விற்பதில் தவறில்லை, கையெழுத்து என்று விற்றதுதான் மோசடி. அன்றிலிருந்து, எதை வாங்கினாலும் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கிறேன். பால்பாயிண்ட் பேனா ஜெலட்டின்மேல் மெல்லிய பள்ளத்தை விட்டுச் செல்லும். ஒரு கோடு மற்றொன்றைக் கடக்கும் இடத்தில் மை கூடுதலாகத் தங்கும். வேகமாக எழுதும் கை முடியும் இடத்தில் கோடு மெலிந்து ஓடும். அச்சில் இவை எதுவும் இருப்பதில்லை. பேனா பிடித்து எழுதும் இயந்திரங்கள் போட்ட கையெழுத்துகளும், செயலாளர்கள் முதலாளிக்காகப் போட்ட கையெழுத்துகளும் இந்தச் சோதனைகளையும் ஏமாற்றக்கூடியவை. அதனால்தான் வந்த வழி முக்கியம். அப்பா ஒவ்வொரு படத்துக்கும் தபால் முத்திரை பதிந்த உறையையும் சேர்த்து வைத்து, நாள், இடம், கிடைத்த விதம் மூன்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதியிருக்கிறார். படத்தின் பின்புறத்தில் எழுத நேர்ந்தால் மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதுவார்.

நேரில் கேட்கும்போது வீரரின் நேரத்தை மதிக்க வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பொருளை நீட்டி, அவர் சாப்பிடும்போதும் ஆட்டத்துக்குத் தயாராகும்போதும் அணுகாமல் இருந்தால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. “யார் பெயருக்கு?” என்று அவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடுவேன். பெயர் எழுதிய கையெழுத்துக்குச் சந்தையில் விலை குறையும் என்பார்கள், விற்கப் போகாத எனக்கு அது குறையல்ல.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போனேன். வேட்டி கட்டிய குதிரையான ‘தம்பி’ச் சின்னம் அச்சிட்ட ஒரு தாளில், எனக்குப் பெயர்கூடப் பழக்கமில்லாத தீவு நாடுகளின் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினேன். நட்சத்திரங்களைச் சுற்றிக் கூட்டம் இருந்தது, இவர்களிடம் கேட்பார் இல்லை. ஒருவர் கையெழுத்திட்டுவிட்டு என் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லித் தம் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் நகர்வுத் தாள்களில் கையொப்பமிடுவது வழக்கம் என்பதை நான் மிகவும் விரும்புகிறேன். வேறு ஆட்டங்களில் ரசிகர்கள் கேட்டு வாங்குவது அங்கே ஆட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது.

எங்கள் ஊருக்கென்று ஒரு விளையாட்டுப் பெருமை உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற படை அதிகாரி தொடங்கிய ஸ்னூக்கருக்கு விதிகள் வகுத்து மாட்டப்பட்ட இடம் ஊட்டி கிளப். ஆகவே மேசை ஆட்டக்காரர் ஒருவரின் கையெழுத்தாவது என் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1958-இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று, எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியராகப் போற்றப்படும் வில்சன் ஜோன்ஸின் கையெழுத்தை, வந்த வழி தெளிவாக இருந்தால், என்ன விலை என்றாலும் வாங்கிவிடுவேன்.

பதினான்காம் பெட்டியில் அடங்காமல் தனியே துணியில் சுற்றியிருக்கும் ஹாக்கி மட்டை என் மாணவி ஒருத்தியுடையது. தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் தாயின் மகளான அவள், பிடியில் மூன்று வண்ண டேப் சுற்றிய அந்த மட்டையோடு மாவட்ட அணியில் ஆடினாள்; புது மட்டை கிடைத்ததும் இதை என்னிடம் கொடுத்தாள். கையெழுத்திட்டுத் தா என்றபோது கையெழுத்து என்றால் என்ன போடுவது என்று தெரியாமல் நின்றாள். பெயரை எழுது போதும் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து, மட்டையை மடியில் கிடத்தி, தேர்வுத்தாளில் எழுதுவதைப் போலத் தந்தையின் முதலெழுத்தோடு தமிழில் முழுப் பெயரையும் எழுதி, கீழே வகுப்பையும் பிரிவையும் சேர்த்தாள். இந்த ஆண்டு வெயிலில் அந்த எழுத்தைப் பார்த்தேன். வகுப்பு எண் மட்டும் சற்று மங்கியிருக்கிறது. புது உறை தைக்கக் கறுப்பு மல்துணி இரண்டு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.