6 மி.மீ.

மே 6
அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. இடது சிறுநீர்க்குழாயில், சிறுநீர்ப்பைக்குள் நுழைகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, 6 மி.மீ. கல். "5க்குக் கீழே பெரும்பாலும் தானா விழுந்துடும். 10க்கு மேலேன்னா எடுத்துத்தான் ஆகணும். இது நடுவுல நிக்குது" என்றார் டாக்டர். குழாயைத் தளர்த்த ராத்திரி ஒரு டாம்சுலோசின். வலிக்கு டைக்ளோஃபெனாக். காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம்.

மே 8
புது டீ வடிகட்டி வாங்கி பாத்ரூமில் மாட்டினேன். கல் விழுந்தால் பிடித்து லேபுக்குக் கொடுக்கணும். கால்சியம் ஆக்சலேட்டா, யூரிக் அமிலமா என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் பார்த்துக்கொள்ள முடியும். அப்பாவுக்குக் கூச்சம். "இதெல்லாம் நீ பாக்கணுமாம்மா?" நான்தான் பார்ப்பேன்.

மே 9
விழவில்லை. உடம்புச் சூடு 98.4.

மே 12
அத்தை வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் கொண்டுவந்தார். குடிக்கட்டும். ஆனால் அப்பா சுருண்டு கிடக்கும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுப்பதைத் தடுத்தேன். அடைப்புக்கு மேலே சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருக்கிறது. அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மே 13
அப்பா டவுன் பஸ் கண்டக்டர். கடைசி ஸ்டாப்பில் கழிப்பறை இல்லை என்பதால் ஷிப்டு முடிகிறவரை தண்ணீரே தொடமாட்டார். இந்த வெயிலில்! யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மே 19
இரண்டு வழி சொல்கிறார்கள். வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைப்பது ஒன்று. 1980இல் ம்யூனிக்கில் முதன்முதலாகச் செய்தது. கத்தி இல்லை, ஆனால் ஒரே தடவையில் தீராமலும் போகலாம். இன்னொன்று யூஆர்எஸ். சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு லேசரால் பொடியாக்குவது. இவ்வளவு கீழே இருக்கும் கல்லுக்கு அதுதான் உறுதி என்கிறார். மயக்க மருந்து வேண்டும். அப்புறம் கொஞ்ச நாள் உள்ளே டிஜே ஸ்டென்ட், சிறுநீர் தடையில்லாமல் இறங்க வைக்கிற மெல்லிய குழாய். எரிச்சல் இருக்குமாம், அடிக்கடி போகவேண்டி வருமாம். அதை எடுக்காமல் விட்டால் அதன்மேலேயே கல் படியும். அப்பா அதிர்வலை என்கிறார். எனக்கு யூஆர்எஸ். மாலை 98.8.

மே 24
திரும்ப ஸ்கேன். அதே இடம், அதே அளவு. அப்பா சரி என்றுவிட்டார். வியாழக்கிழமை யூஆர்எஸ்.

மே 25
காலை 99.1.
மதியம் 101.2. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. போன் பண்ணிவிட்டேன். கல்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேங்கின சிறுநீரை வடிக்கணும், உடனே கொண்டுவாங்க என்கிறார்கள். ஆட்டோ வந்துவிட்டது.