புளோக்குக் கீழே தொங்கும் ஏஇடி

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் மின்தூக்கி முகப்பில், ஏறக்குறைய இரண்டு புளோக்குக்கு ஒன்றாக, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியான ஏஇடியின் பெட்டி இருக்கிறது. ஒருவர் சரிந்து, அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் முதலில் ஆம்புலன்சுக்கு 995 எண்ணை அழையுங்கள். நீங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்; வேறொருவர் கருவிக்கு ஓடட்டும். விட்டுவிட்டுத் திணறி இழுப்பது மூச்சே அல்ல. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கருவியை இயக்கியதும் அதுவே பேசும். அதன் ஒட்டும் பட்டைகள் இரண்டில் ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வைதான் எதிரி: துடைக்காவிட்டால் பட்டை ஒட்டாது. அடர்ந்த முடியை மழிக்க வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், பட்டையில் படாமல் ஒதுக்கினால் போதும். கருவி ஆராயும்போது யாரும் தொடக்கூடாது. அதிர்ச்சி கொடுத்ததும் நாடி தேடாமல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 2 நிமிடத்தில் கருவி மறுபடி ஆராயும்.