627001 பகா எண் இல்லை

முப்பது வருஷமாக ஒரு தப்பை நம்பியிருக்கிறேன். எங்கள் வீடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், பின்கோடு 627001. அது பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் என்று எட்டாம் வகுப்புக் கோடை லீவில் நானே கண்டுபிடித்ததாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

அன்றைக்கு அப்பா இன்லேண்ட் லெட்டரில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். "ஏட்டி, இது எதுலயாவது மீதியில்லாம வகுபடுமா, பாரு" என்று கிழித்த காலண்டர் தாளைக் கொடுத்தார். ஒரு வழியும் சொன்னார். 627 என்பது 3, 11, 19 மூன்றின் பெருக்கல். அதனால் 627000-ஐ 2, 3, 5, 11, 19 எல்லாம் மீதியின்றி வகுக்கும். அடுத்த எண்ணான 627001-இல் அவை ஒவ்வொன்றும் 1 மீதி வைக்கும். வகுக்காமலேயே ஐந்து பகா எண்கள் கழிந்துவிட்டன!

மற்றதையெல்லாம் கையால் வகுத்தேன். 7-க்கு மீதி 4, 13-க்கு 11. 37-க்கு மீதி 36. அந்த ஒன்று மட்டும் கூட வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. 67-க்கு 15. அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வர, மொட்டை மாடியில் காயும் கூழ்வற்றலை அள்ள ஆச்சி கூப்பிட்டாள். ஓடுவதற்கு முன் தாளின் ஓரத்தில் "பகா எண்" என்று எழுதிவிட்டேன்.

போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது அந்தத் தாள் கிடைத்தது. அவர் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். கணக்கு 67-உடன் நிற்கிறது. 627001-இன் வர்க்கமூலம் 791-க்குச் சற்று மேல். ஓர் எண் பகா எண் இல்லை என்றால், அதன் வர்க்கமூலத்துக்குள் ஏதாவது ஒரு பகா எண் அதை வகுத்தாக வேண்டும். பகா எண் என்று உறுதியாகச் சொல்ல 787 வரைக்கும் 138 பகா எண்களால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது 19.

சரி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று இருபதாவதை எடுத்தேன். 71. மீதி இல்லை.

71 × 8831 = 627001.

கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை. இன்னும் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் அன்றைக்கே அப்பாவிடம் காட்டியிருப்பேன். இந்த முறை பாதியில் விடவில்லை. 8831-ஐ 89 வரைக்கும் வகுத்துப் பார்த்தேன். அது பகா எண்தான்.

அப்புறம்தான் அந்த 36 உறைத்தது. 37-க்கு ஒன்று குறைகிறது என்றால் அடுத்த எண் வகுபட வேண்டும். அடுத்த எண் 627002, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. வகுத்தால் 2 × 37 × 37 × 229. 37 ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை!

டவுனில் அத்தை வீட்டுப் பின்கோடு 627006. அது 2 × 3 × 31 × 3371. தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் 667842, அந்த எண்ணையே தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். எங்கள் 627001-க்கு அந்தக் கூட்டல் 1 + 71 + 8831 = 8903தான்; அது குறை எண்.

காலண்டர் தாளில் 67-க்குக் கீழே 71-ஐ எழுதி, பக்கத்தில் மீதி 0 போட்டு, பழையபடி மடித்து வைத்திருக்கிறேன்.