பாரிசவாதக்காரருக்குத் தண்ணீர்தான் கஷ்டம்

பாரிசவாதம் வந்து வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்தவருக்கு நம்மவர்கள் முதலில் கொடுப்பது ஒரு மிடறு தண்ணீர், இல்லாவிட்டால் தேத்தண்ணி. "சோறு இறங்காது, தண்ணியாவது குடிக்கட்டும்" என்ற நினைப்பு. தொண்டையின் கணக்கு இதற்கு நேர்மாறு.

விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு செக்கன் வேலை. பாரிசவாதத்துக்குப் பிறகு பலருக்கு அது சற்றுப் பிந்துகிறது. தண்ணீர் காத்திருக்காது. நாக்கைத் தாண்டியதும் திறந்திருக்கும் வாசலுக்குள் ஓடிவிடும். தடிப்பானது மெதுவாக நகர்வதால் மூடுவதற்கு நேரம் கிடைக்கிறது.

புரைக்கேறினால் இருமுவாரே என்று நம்பியிருக்கவும் முடியாது. தொண்டையின் உணர்ச்சி மங்கியவருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போகும். விழுங்கிய பிறகு "ஆ" என்று இழுக்கச் சொல்லிக் கேளுங்கள். குரல் ஈரமாகக் களகளத்தால் ஏதோ குரல்வளையில் தேங்கி நிற்கிறது. சாப்பிட்டதும் மூச்சு வேகமாவது, காய்ச்சல் விட்டுவிட்டு வருவது, இவையும் அதே கதைதான்.

அடுத்தது கஞ்சி. நோயாளிச் சாப்பாடு என்றால் கஞ்சி என்று பழகிவிட்டோம், ஆனால் நீரும் பருக்கையும் பிரிந்து நிற்கும் கஞ்சி இவர்களுக்கு மிக மோசமானது. பருக்கையை வாய் மென்றுகொண்டிருக்க, நீர் முந்திக்கொண்டு இறங்கிவிடும். சொதியில் மிதக்கும் இடியப்பம், வத்தகப்பழம், தோடம்பழம் எல்லாம் இந்த ரகம். உதிர்ந்த புட்டும் ஆகாது. தூள் கன்னத்திலும் தொண்டையிலும் ஒட்டி நிற்கும். ஜெலியும் ஐஸ்கிறீமும் வாய்க்குள் உருகித் தண்ணீராகிவிடும். நமது சட்டித் தயிர் அருமையான பதம், மேலே ஊறும் நீரை வடித்துவிட்டால். குரக்கன் கூழும் நல்லது, கட்டிபடாமல் காய்ச்சினால்.

எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன பதத்தை வீட்டில் சரிபார்க்க 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று போதும், 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீற்றர் இருக்கும் வகை. உள்தண்டைக் கழற்றுங்கள், நுனியை விரலால் அடைத்து 10 வரை ஊற்றுங்கள், விரலை எடுத்து 10 செக்கன் ஓடவிட்டுத் திரும்ப அடையுங்கள். மிச்சம் 1 மில்லிலீற்றருக்குக் குறைவென்றால் அது தண்ணீர். 1 முதல் 4 வரை மிக இலேசான தடிப்பு, 4 முதல் 8 வரை இலேசான தடிப்பு, 8க்கு மேல் நடுத்தரமோ அதற்கு மேலோ. அரிசிமாவில் காய்ச்சுவதென்றால் 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி, கொடுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு சோதியுங்கள். ஆற ஆற இறுகும். உமிழ்நீர் மாச்சத்தை உடைக்கும் என்பதால், வாயில் பட்ட கரண்டியை முழுப் பாத்திரத்துக்குள் விடக்கூடாது. கொஞ்சங்கொஞ்சமாக வேறு கோப்பையில் எடுத்துக் கொடுங்கள்.

படுக்கவைத்துப் பருக்கவே வேண்டாம். நிமிர்த்தி இருத்தி, அரைத் தேக்கரண்டி அளவு, வலுவுள்ள கன்னப் பக்கமாக வையுங்கள். குரல்வளை மேலேறி இறங்குவதைக் கண்ட பிறகே அடுத்த கரண்டி. முடிந்ததும் அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருக்கட்டும். வலுவிழந்த கன்னத்தை விரலால் தடவிப் பாருங்கள், அங்கே ஒரு கவளம் ஒளிந்திருக்கும். காலையும் இரவும் பல்லும் நாக்கும் துலக்க வேண்டும். உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் போகும் அழுக்குதான் நிமோனியாவுக்குக் காரணமாகிறது. வெற்றிலை கேட்பார்கள். பாக்குத் துகளை நினைத்து மறுத்துவிடுங்கள்.

குளிசைகளை நீங்களாக இடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும் வகையை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரேயடியாக இறங்கும். பாமசியில் கேட்டுவிட்டு இடியுங்கள்.

சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு தொல்லை. தடிப்பாக்கியதை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, உடம்பு வற்றிவிடும். சிறுநீர் கடும் மஞ்சளானால் தடவைகளைக் கூட்டுங்கள். தண்ணீராக்கிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். மூச்சு முட்டி முகம் நீலமானால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

முதல் சில வாரங்களில் பலருக்கு விழுங்கல் தேறிவிடும். வீட்டுக்கு விடும்போது சொன்ன தடிப்பையே மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்காமல், மட்டக்களப்பானாலும் அம்பாறையானாலும் கிளினிக் திகதிக்குக் கூட்டிப்போய்த் திரும்பச் சோதித்துக்கொள்ளுங்கள்.