பாஸிடம் பழகிய வேலைக்கு என்.வி.கியூ. 3 எடுத்த அனுபவம்

என் அக்கா மகன் ஒருவழியாக எலக்ட்ரிஷியன் வேலைக்கு என்.வி.கியூ. 3 (தேசிய தொழிற்தகைமை, மூன்றாம் மட்டச் சான்றிதழ்) எடுத்துவிட்டான். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பிள்ளையை அலைய வைத்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வேலை பழகி, கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நாள் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவன் மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதும் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்தான். மின்வேலை செய்யும் தெரிந்த பாஸ் (மேஸ்திரி) ஒருவரோடு சேர்த்துவிட்டேன். வெள்ளவத்தை மாடிவீடுகளில் குழாய் பதிப்பதில் தொடங்கி, இன்று ஒரு முழு வீட்டுக்கு வயர் இழுத்து, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டீபீ போர்ட்டும் கட்டி முடிப்பான். ஆனால் கம்பனிக்கு வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே ‘என்.வி.கியூ. இருக்கா?’ என்பதுதான். வெளிநாடு போக நினைத்தாலும் அதே கேள்வி.

கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு அவனைக் கூட்டிப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, அடுத்த கோர்ஸ் தொடங்கும்போது வரச் சொன்னார். மாதக்கணக்கில் முழுநேர வகுப்பு. நாள் சம்பளத்தில் அம்மாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை எப்படி வேலையை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்காருவான்? தெரிந்த வேலையையே திரும்பப் படிக்க வேண்டுமா என்று கேட்டேன். ‘அப்படித்தான்’ என்றார்.

அப்படியில்லை. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கென்றே ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று எழுதுவார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, நேர்முகத்துக்குப் போய், மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டினால் போதும். என்.வி.கியூ. முறையில் 1 முதல் 7 வரை மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்ட மட்டம். எங்கே படித்தாய் என்பதை விட என்ன செய்யத் தெரியும் என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்த முறையே வந்தது.

அடுத்த முறை போய், ‘ஆர்.பி.எல். விண்ணப்பம் வேண்டும்’ என்று பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதே ஆள், அதே மேசை. லாச்சியை இழுத்து படிவத்தை எடுத்துத் தந்தார். முதல் நாளும் அது அந்த லாச்சியில்தானே இருந்திருக்கும்! விஷயம் தெரியாத ஒரு பையன் தனியாகப் போயிருந்தால் அன்றோடு திரும்பிப் போயிருப்பான். அதனால்தான் சொல்கிறேன், ‘கோர்ஸ் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ஆர்.பி.எல். என்றே கேளுங்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், நிரப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் விடவில்லை. கொழும்பு அலுவலகங்களில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வேலை நடக்கிறது. அதற்காகத் தமிழில் கேட்கவும் பதில் பெறவும் நமக்குள்ள உரிமை இல்லாமல் போவதில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் அது இருக்கிறது. சண்டை பிடிக்காமல் பொறுப்பதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா நல்லவர், உடனே ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மதிப்பீடும் தமிழில் வேண்டும் என்று படிவத்திலேயே குறித்துவிடச் சொன்னதும் அவர்தான்.

பிறகு பெயர்ப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் ‘குமார்’ தனியாக நிற்கிறது. அடையாள அட்டையில் முன்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவுன்டர்க்காரர் பேனா முனையை அந்த இடைவெளியில் வைத்து, ‘இது வேறு ஆள்’ என்றார். தோட்டத்தில் பிறந்தவர்கள் பலருக்கு இப்படி ஏதாவது இருக்கும். யாரோ ஒரு எழுதுநர் கேட்ட மாதிரி எழுதியது, சிங்களத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்தது. பிறந்த இடத்திலிருந்து புதுப் பிரதி எடுத்து வரச் சொல்லவே, அவன் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஹட்டன் பஸ் ஏறிப் போய்வந்தான். புதுப் பிரதியிலும் அதே இடைவெளிதானே இருக்கும்? வீண் பயணம். கடைசியில் கைகொடுத்தது, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசியும், கிராம உத்தியோகத்தர் கொடுத்த கடிதமும்தான். இரண்டையும் முதலிலேயே தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

அதை விடப் பெரிய தலைவலி அனுபவக் கடிதம். கம்பனிப் பதிவு இலக்கம் போட்ட தலைப்புத்தாளில் வேண்டும் என்றார்கள். பாஸுக்கு ஏது கம்பனி? அவரிடம் இருப்பது ஒரு போனும் ஒரு மோட்டார் சைக்கிளும். நல்ல மனிதர், எதை எழுதித் தரவும் தயார், ஆனால் வெள்ளைத்தாளில்தான் எழுத முடியும். அதனால் வேறு வழியில் ஆதாரம் சேர்த்தோம். வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர்களிடம் முகவரியும் கையொப்பமும் போட்டுக் கடிதம் வாங்கினோம். ஒரு கட்டடத்தில் மேற்பார்வை பார்த்த பொறியியலாளர் தன் பதவி முத்திரையோடு எழுதித் தந்தார். சாமான் வாங்கிய ஹாட்வெயார் பில்கள், பாஸின் வெள்ளைத்தாள் கடிதம், அப்புறம் படங்கள். போனில் டீபீ போர்ட் படங்கள் நிறைய வைத்திருந்தான், ஆனால் ஒன்றிலும் அவன் இல்லை. யார் கட்டிய போர்ட் என்று எப்படி நம்புவார்கள்? அதன் பிறகு, வேலை செய்துகொண்டிருக்கும்போதே முகம் தெரிய எடுக்கச் சொன்னேன். இன்றைக்கு வேலை பழகத் தொடங்கியிருக்கும் தம்பிமார் இன்றிலிருந்தே இப்படி எடுத்து வையுங்கள்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் ஒரு தனியார் நிறுவனம், ‘அரச பதிவு பெற்றது, சீக்கிரம் சான்றிதழ் தருகிறோம்’ என்று பெரிய தொகை கேட்டது. அக்கா நகையை அடகு வைக்கவே தயாராகிவிட்டார். நான் தடுத்தேன். நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அது நடத்தும் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. தரச்சான்று இல்லாத பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்காது. நாரஹேன்பிட்டி நிபுணதா பியச கட்டடத்தில் இருக்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். நான் பார்த்தபோது அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. எலக்ட்ரிஷியன் பாடநெறி இல்லை.

நேர்முகம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. மதிப்பீட்டு நாள்தான் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒரு பலகையில் மாடிப்படி விளக்குக்கு இரண்டு பக்கமும் போட்டு அணைக்கிற மாதிரி டூவே சுவிட்ச் கட்டச் சொன்னார்களாம். கட்டி முடித்தவன், மின் கொடுப்பதற்கு முன்னால் கேட்காமலே, வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் சோதனை செய்திருக்கிறான். மதிப்பீட்டாளர் ட்ரிப் சுவிட்சைக் காட்டி, ‘எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு?’ என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். இரண்டுமே மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சுகள். ‘எம்.சி.பி. ஷோர்ட் ஆனால், லோட் கூடினால் விழும் சேர். ஆளுக்கு ஷொக் அடிக்கிற அளவு கசிவு அதுக்குப் பெரிசில்ல. முப்பது மில்லி அம்பியர் கசிஞ்சாலே ட்ரிப் சுவிட்ச் விழணும்’ என்று சொல்லியிருக்கிறான். வெளியே வந்து அதை அவன் திரும்பச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பதிலை எந்த வகுப்பும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பாஸ் சொல்லிக் கொடுத்தது.

சான்றிதழ் வர நாளெடுத்தது. அச்சடிக்கக் கொடுக்கும் பட்டியலில் பெயரின் எழுத்துகளை அவனே வாசித்துப் பார்த்துத்தான் கையொப்பம் போட்டான். அந்த இடைவெளி பட்டபாடு போதும்.

இதற்காகக் கொழும்புக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. ஆர்.பி.எல். மதிப்பீடு நடத்தும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபைக்கு மாவட்டங்களிலும் அலுவலகங்கள் இருக்கின்றன. வெல்டிங், மேசன், தையல், பேக்கரி என்று எது தெரிந்திருந்தாலும், உங்கள் தொழிலுக்கு ஆர்.பி.எல். உண்டா என்று முதலில் அங்கே விசாரியுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919க்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன்பே பாஸிடமும் வீட்டுக்காரர்களிடமும் கடிதம் வாங்கிவிடுங்கள். வேலைத்தளம் மாறிவிட்டால் பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.